வெளிநாட்டு ஒப்பந்தங்களும் நம் வகுப்பறையும்: உயர்கல்வியில் பன்னாட்டுமயமாக்கல் எங்கே நடக்க வேண்டும்?

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்)

திருப்பூருக்கு அருகிலுள்ள தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். கற்றல் கற்பித்தலைப் பன்னாட்டுமயமாக்குவது குறித்து எங்கள் துறை ஒரு வரைவைத் தயாரித்து, அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று முதல்வர் கேட்டிருக்கிறார். பின்னணி உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உள்நாட்டிலேயே பன்னாட்டுமயமாதலை ஓர் இலக்காகச் சொன்னது. பல்கலைக்கழகங்கள் பன்னாட்டு விவகாரங்களுக்கென ஓர் அலுவலகம் அமைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 மே மாதத்தில் ட்வின்னிங் (படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனத்தில் முடிப்பது), கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் ஆகியவற்றுக்கான விதிமுறைகளும் வந்துவிட்டன.

அந்த விதிமுறைகளைப் படித்துப் பார்த்தால், அவை பட்டத்தைப் பற்றியும் கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) கணக்கைப் பற்றியும் பேசுகின்றனவே ஒழிய, பாடவேளையில் என்ன மாற வேண்டும் என்பதைத் தொடவே இல்லை. இந்திய நிறுவனம், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 3.01 பெற்றிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100க்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் க்யூஎஸ் அல்லது டைம்ஸ் என்னும் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரமே கிடையாது என்பதால், அந்த வழி எங்களுக்கு அநேகமாக மூடியே இருக்கிறது.

என் வகுப்பில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கல்லூரி விட்டதும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் எவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பாமல், ஒரு பருவத்தின் ஒரே ஒரு தாளில் உண்மையாக என்ன செய்ய முடியும் என்பதே என் கேள்வி.

கோப்புமேசை

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பன்னாட்டு உறவுகள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் வரைவை எங்களைப் போன்ற அலுவலகத்தின் வழியாகக் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. எங்களிடம் வந்தால் அது விழாவாகிவிடும்.

இதற்கு எவருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் நாங்கள் செய்கிறோம். நாக் குழுவுக்கு அளிக்கும் சுய மதிப்பீட்டு அறிக்கையில், செயல்பாட்டில் உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் எத்தனை என்று ஒரு கேள்வி உண்டு. செயல்பாட்டில் இருப்பதைக் காட்ட ஒப்பந்தத்துக்கு ஓர் இணையவழிக் கருத்தரங்கு வீதம் நடத்தி, இடக்குறியிட்ட படங்கள், வருகைப் பதிவு, ஒரு பக்க அறிக்கை ஆகியவற்றைக் கோப்பில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது. க்யூஎஸ் தரவரிசையில் வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு 5 விழுக்காடும் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 விழுக்காடும் மதிப்பு தருகிறார்கள். டைம்ஸ் தரவரிசை பன்னாட்டுப் பார்வை என்ற தலைப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்குகிறது. எல்லாமே தலைகளையும் கட்டுரைகளையும் எண்ணுபவை. ஓர் ஆசிரியர் தன் பாடத்தின் நான்காவது அலகை மாற்றி எழுதினால் அதனால் எந்தத் தரவரிசையும் ஏறுவதில்லை.

எங்கள் வளாகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். கென்யாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் நிதிக் கணக்கியல் வகுப்பில் பின் வரிசையில் அமர்ந்திருப்பார். கென்யா 1999ஆம் ஆண்டிலிருந்தே பன்னாட்டு நிதியறிக்கைத் தரங்களை அப்படியே பின்பற்றுகிறது. இந்தியாவோ அவற்றோடு ஒத்திசைந்த தன் சொந்தத் தரங்களை 2016 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இரண்டும் எங்கே விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று அந்த மாணவரை வைத்தே ஒரு பாடவேளை நடத்தியிருக்கலாம். எவரும் அவரிடம் கேட்கவில்லை. ஆண்டு விழாவில் மட்டும் அவரை அவர் நாட்டுக் கொடியோடு மேடையேற்றினார்கள்.

ரைன்கரை

ஜெர்மனியில் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருள் வழங்கல் மேலாண்மை கற்பிக்கிறேன். நொய்யல் அவர்கள் கேட்டிருப்பது இங்கே ஏற்கெனவே ஒருமுறை கேட்கப்பட்ட கேள்விதான். அந்தக் கதை அவருடைய வரைவுக்குப் பயன்படும்.

எராஸ்மஸ் என்னும் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987இல் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்களோடு தொடங்கி மிகப் பெரியதாக வளர்ந்தது. 2009இல் லூவன் நகரில் கூடிய ஐரோப்பியக் கல்வி அமைச்சர்கள், 2020க்குள் பட்டம் பெறுவோரில் குறைந்தது 20 விழுக்காட்டினர் வெளிநாட்டில் ஒரு காலம் படித்தோ பயிற்சி பெற்றோ இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கு முழுதாக நிறைவேறினாலும் ஐந்தில் நால்வர் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சுவீடனின் மால்மோ நகரில் எழுந்திருந்தது. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட அந்தத் தொழிலாளர் நகரில் 1998இல் ஒரு புதிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, பன்னாட்டுப் பொறுப்புக்கு வந்த பெங்ட் நில்சனிடம் மாணவரை அனுப்புவதற்கு எந்த வெளிநாட்டுக் கூட்டாளியும் இல்லை. ஆனால் நகர மக்களில் பெரும் பங்கினர் பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். உள்நாட்டிலேயே பன்னாட்டுமயமாதல் என்ற எண்ணம் அந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் பிறந்தது. நம் கொள்கை ஆவணத்தில் நீங்கள் படித்த சொற்றொடரின் ஊற்றும் அதுவே.

இணைய வழியில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தவர், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்ச்சேஸ் கல்லூரியில் திரைப்படம் கற்பித்த ஜான் ரூபின். அங்கே 2006இல் இதற்கென ஒரு மையமே அமைந்தது. இரண்டு நாட்டு ஆசிரியர்கள், இரண்டு வகுப்புகள், சில வாரங்களுக்கு ஒரே பணி. மதிப்பெண்ணை அவரவர் நிறுவனம் அவரவர் மாணவருக்கு அளிக்கும். புதிய பட்டம் எதுவும் இதில் இல்லை. ஆகவே நீங்கள் சொன்ன விதிமுறைகளும் இதில் குறுக்கே வர வேண்டியதில்லை.

தென்னிந்தியக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து நான் இப்படி ஒரு பாடம் நடத்திவருகிறேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்தான் பாடப்பொருள். ஜெர்மனியில் வழங்கல் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் குறைந்தது 3000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டு குறைந்தது 1000 பேர் உள்ளவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. தமக்குப் பொருள் தருபவர்களின் இடத்தில் நடக்கும் மனித உரிமை மீறல்களையும் சில சுற்றுச்சூழல் கேடுகளையும் இந்நிறுவனங்கள் கண்காணித்தாக வேண்டும். திருப்பூர்ப் பக்கத்திலோ, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடப்படக் கூடாது என்ற நிபந்தனையின் கீழ் அவை மீண்டும் இயங்கத் தொடங்கியதும், எஞ்சும் உப்பை என்ன செய்வது என்ற தலைவலியும் எல்லோருக்கும் அத்துபடி. இரு பக்கமும் மும்மூன்று பேராக ஆறு பேர் கொண்ட குழுக்கள், ஒரு சட்டையின் விலையில் எந்தப் பங்கு எந்த நாட்டில் நிற்கிறது, சுத்திகரிப்புச் செலவு அதில் எங்கே இருக்கிறது என்று கண்டறிய வேண்டும்.

முதல் வாரத்தில் என் மாணவர்கள் தணிக்கையாளர்களைப் போல ஒரு கேள்விப் பட்டியலோடு வந்தார்கள். கழிவுநீர் எங்கே போகிறது, வேலை நேரம் எவ்வளவு, சான்றிதழ் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மாணவி பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைச் சேர்த்து விலை சொன்னால் உங்கள் கடைக்காரர் ஒப்புக்கொள்வாரா, அல்லது வேறு நாட்டுக்குப் போய்விடுவாரா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எவரிடமும் பதில் இல்லை. அடுத்த சந்திப்புக்குள் அவர்கள் இங்குள்ள கடை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிவிட்டு வந்தார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றி நான் நடத்திய விரிவுரைகளில் ஒருவர்கூட எழுப்பாத கேள்வி அது.

சிக்கல்களும் உண்டு. தானாக விட்டால் கணக்கும் அட்டவணையும் இந்திய மாணவர்கள் கைக்கும், பேசுவது ஜெர்மன் மாணவர்கள் கைக்கும் போய்விடுகிறது. எனவே பாதியில் பொறுப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும், மாற்றாத குழுவுக்கு மதிப்பெண் குறையும் என்றும் எழுதிவைத்தோம். தனிநபர் குறிப்பை அவரவர் மொழியிலேயே எழுதலாம் என்று அனுமதித்த பிறகு எழுத்தின் தரம் வெகுவாக உயர்ந்தது. ஜப்பானின் பெப்பு நகரில் 2000இல் தொடங்கிய ரிட்சுமேக்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறையப் பாதி மாணவர்கள் வெளிநாட்டினர். அங்கேகூட முதலாண்டில் உள்நாட்டு மாணவரையும் வெளிநாட்டு மாணவரையும் கலந்து குழு அமைத்து நடத்தும் பாடம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் எவரும் கலந்துவிடுவதில்லை.

கணக்காளன்

பொருளியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ரைன்கரை அவர்களின் பாடத்தைப் பாராட்டுகிறேன். ஆனாலும் இந்தச் சொல் ஊருக்குள் எந்த வண்டியில் வந்து இறங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் சேவை வணிக உடன்பாட்டில் கல்வியும் ஒரு சேவையாக இடம்பெற்றது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 1998இலும் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் 2000இலும் மலேசியாவில் வளாகம் திறந்தன. 2004இல் நாட்டிங்ஹாம் சீனாவின் நிங்போவுக்குப் போனது. இப்போது குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகமும், குருகிராமில் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் கடை விரித்திருக்கின்றன. இவை தரமற்றவை என்று நான் சொல்லவில்லை. கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கானவை என்றே சொல்கிறேன். நொய்யல் அவர்களின் வகுப்பு அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

மாணவர் வரவைப் பார்த்தாலும் நிலைமை அதுதான். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பயின்ற வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நேபாளத்தினர். மொத்த மாணவர் தொகையோ 4 கோடியைத் தாண்டுகிறது. ஆயிரத்துக்கு ஒருவர்தான் தேறுகிறார்.

இரண்டு ஐயங்களை முன்வைக்கிறேன். ஒன்று, வேலைப்பளு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்பது மானியக் குழுவின் விதி. அதற்கு மேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, நாக் கோப்புகள். கூட்டுப் பாடத்துக்கான நேரத்தைக் கால அட்டவணையில் காட்டாவிட்டால், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரின் தூக்கத்திலிருந்துதான் அது போகும். அவர் மாற்றலாகிப் போனதும் பாடமும் போய்விடும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகளில் இது இன்னும் கடினம்.

மற்றொன்று, பாடத்தின் திசை. இத்தகைய கூட்டு முயற்சிகளில் நம் ஊர் அவர்களுக்குக் களமாகவும், அவர்கள் ஊர் நமக்குப் பாடமாகவும் ஆகிவிடும் வழக்கம் உண்டு. திருப்பூரின் கழிவுநீரை ஜெர்மானியர் ஆராயலாம் என்றால், ஜெர்மனியின் கடைத்தெருவைத் திருப்பூர் மாணவர் ஆராய வேண்டும். சென்னை ஐஐடி 2023 நவம்பரில் சான்சிபாரில் தன் வளாகத்தைத் தொடங்கியபோதும் எனக்கு இதே கேள்விதான் எழுந்தது. தரவு அறிவியல் கற்பிக்க நாம் அங்கே போகிறோம், சரி. கிழக்கு ஆப்பிரிக்காவின் தரவும் தேவைகளும் அந்தப் பாடத்துக்குள் எவ்வளவு வருகின்றன? ஏற்றுமதி செய்யும் இடத்துக்கு நாம் வந்துவிட்டதாலேயே பழைய குறை நீங்கிவிடாது.

வடமராட்சி

கணக்காளன் ஐயா கூறிய திசை பற்றிய ஐயத்துக்கு எங்கள் நாடான இலங்கையின் வரலாறு நல்ல சான்று. 1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. பாடத்திட்டமும் வினாத்தாளும் மதிப்பீடும் கடல் கடந்து வந்தன. அதைவிடப் பன்னாட்டுத் தன்மை கொண்ட கல்வி இருக்க முடியாது. ஆனால் நாம் இங்கே பேசுவது அதுவல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இருக்கிறது. அனுமதி நாடு முழுவதுக்குமான Z-புள்ளி (பரீட்சை மதிப்பெண்களைச் சமன்படுத்திக் கணக்கிடும் புள்ளி) முறையில் நடைபெறுவதால் தென்பகுதியிலிருந்து சிங்கள மாணவர்கள் பெருமளவில் வருகிறார்கள். ஆய்வுகூடத்தில் குழு பிரிக்கும் பொறுப்பை மாணவரிடமே விட்டால் மொழிவாரியாகவே பிரிந்துவிடுவார்கள். பெயர்ப்பட்டியலைக் கொண்டு விரிவுரையாளர் பிரித்தால் முதல் இரண்டு வாரங்கள் முணுமுணுப்பு இருக்கும், பிறகு அளவீட்டு அட்டவணையை யார் நிரப்புவது என்ற சண்டை மட்டுமே மிஞ்சும். அந்தச் சண்டை ஆங்கிலத்திலும் அரைகுறைத் தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் நடக்கும். வேறு மொழிக்காரரோடு ஒரு கணக்கைச் சேர்ந்து முடிக்கும் பழக்கத்துக்கு விமானச் சீட்டுத் தேவையில்லை. நொய்யல் அவர்களே, திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் அல்லவா? மால்மோவின் பாடம் உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. ஜெர்மனிக்கு எழுதுவதற்கு முன் உங்கள் மாணவர்கள் பக்கத்துத் தெருவில் அவர்களோடு பேசியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாமாண்டு

நான் பி.காம். மூன்றாமாண்டு மாணவி, பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கல்லூரியில் இப்படி ஓர் இணையவழிக் கூட்டுப் பாடம் நடந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள், மதிப்பெண் கிடையாது. அதே வாரத்தில் அகமதிப்பீட்டுத் தேர்வு வந்ததும் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர்கள் எங்களிடம் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டபோது நாங்கள் புத்தகத்தில் உள்ள வரையறையைச் சொன்னோம். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எழுதி எழுதி அப்படித்தான் பழகியிருந்தோம். ஆங்கிலம் தெரியாததால் நாங்கள் பேசவில்லை என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொன்னபோது எல்லோரும் பேசினோம். யோசிக்கவும் ஒருமுறை அழித்துப் பேசவும் நேரம் கிடைத்தது. கேமரா போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எல்லோர் வீட்டிலும் பின்னால் ஒரு வெற்றுச் சுவர் இருக்காது.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாமாண்டு மாணவி எழுதியது என் வரைவின் பாதியை மாற்றிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை, அம்மா.

இப்போது என் எண்ணம் இதுதான். ஐந்தாம் பருவத்தின் பன்னாட்டு வணிகத் தாளில் நான்காம் அலகில் உள்ள, நாடுகளின் பண்பாட்டு வேறுபாடுகள் என்ற மனப்பாடப் பகுதியை எடுத்துவிட்டு, அங்கே கூட்டுப் பணியை வைக்கிறேன். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்களில் 10 அதற்கு. பருவத் தேர்வின் 75 மதிப்பெண்களில் ஒரு கட்டாய வினாவும் அந்தப் பணியிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் மாணவர்கள் அதைப் பாடமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிரெடிட் விஷயத்தில் நான் பயந்த அளவு சிக்கல் இல்லை. ஐரோப்பிய முறையில் ஆண்டுக்கு 60, நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஆண்டுக்கு 40 என்று மொத்தக் கணக்கு மாறுபட்டாலும், அங்கே ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, இங்கே 30 மணி நேரம். 30 மணி நேரப் பணி ஒன்றை இரு பக்கமும் ஒரு கிரெடிட்டாகக் கொள்ளத் தடையில்லை.

கணக்காளன் ஐயா சொன்னபடி, வாரம் இரண்டு மணி நேரத்தை ஆசிரியரின் 16 மணி நேரத்துக்குள்ளேயே காட்ட வேண்டும் என்று வரைவில் எழுதுகிறேன். முதல்வர் இதை ஏற்பாரா என்பது ஐயமே. ஏற்காவிட்டால் இந்த முயற்சியைத் தொடங்கப் போவதில்லை என்றும் அதிலேயே எழுதுகிறேன். பணியின் முதல் வாரம் வடமராட்சி அவர்கள் சொன்ன பக்கத்துத் தெருவில்தான். வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் சட்டையின் கதையை இந்தியிலோ தமிழிலோ கேட்டு எழுதிய பிறகே வெளிநாட்டுக் குழுவைச் சந்திக்க வேண்டும்.

ரைன்கரை அவர்களிடம் ஒரு கேள்வி: நம் ஒற்றைப்படைப் பருவம் நவம்பரில் தேர்வோடு முடிகிறது. உங்கள் பருவம் எப்போது தொடங்குகிறது?

ரைன்கரை

எங்களுக்குக் குளிர்காலப் பருவ வகுப்புகள் செப்டம்பர் இறுதியில்தான் தொடங்குகின்றன. ஆகவே இரு பக்கமும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ அக்டோபர் மட்டுமே. அதற்குள் ஆயுத பூசை விடுமுறை வரும். பல ஆண்டுகளில் தீபாவளியும் வந்துவிடும். போனஸ் காலத்தில் உங்கள் மாணவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் இரவு வரை கம்பெனியில் இருப்பார்கள். நான்கு வாரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். நேரடிச் சந்திப்பு இரண்டு போதும், மற்றவை குரல் பதிவுகளாக இருக்கட்டும்.

அந்தச் சந்திப்புகளை அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள்; மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரையாகிவிடும். எங்கள் பகல் ஒரு மணிச் சந்திப்பு உங்களுக்கு மாலை நாலரைக்குப் பதிலாக ஐந்தரைக்குத் தொடங்கும். அதற்குள் கல்லூரிப் பேருந்து கிளம்பியிருக்கும். கடைத்தெரு ஆய்வுக்கான பட்டியலை இந்த முறை உங்கள் மாணவர்களே தயாரிக்கட்டும்: எந்தக் கடை, எந்தச் சட்டை, விலைச்சீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் சொன்னால் எங்கள் பக்கத்தினர் போய்ப் பார்த்து எழுதி அனுப்புவார்கள். உங்கள் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் தேதி தெரிந்ததும் சொல்லுங்கள். எங்கள் பாடத்தின் மதிப்பீட்டு அளவுகோலை அதற்கு முன் உங்களுக்குத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.